கம்பவுண்டர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும்

அந்தத் தெருவில் டாக்டருக்கு மேல் ஒரு அப்பீல் கோர்ட் இருந்தது. அது கம்பவுண்டரின் மருந்துக்கடை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நேராக அங்கே வருவார்கள். சீட்டை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, படித்துவிட்டு, "ம்" என்று அவர் தலையாட்டினால் பாதிக் காய்ச்சல் அங்கேயே இறங்கிவிடும். அதையே கொஞ்சம் இழுத்து "ம்ம்..?" என்றாரோ, டாக்டர் தொலைந்தார்.

இளவயதில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். பிறகு முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிச் சொந்தக் கடை வைத்தார். பட்டம் வந்தது, கடை வந்தது, தலையும் நரைத்தது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போக மறுத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அந்த மரியாதை சும்மா வந்துவிடவில்லை. விற்கத் திறந்த கடையில் விற்காமல் அனுப்புகிற ஆள் அவர். "இது வெறும் சளி. வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க. போகலைன்னா அப்புறம் வாங்க" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்துக் கவர் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்பார். அவர் வரைகிற சூரியன் பார்ப்பதற்கு ஓடு கழன்ற நண்டு மாதிரி இருக்கும். ஆனாலும் அதைப் பார்த்து எவரும் வேளை தவறி மாத்திரை போட்டதில்லை.

ஒரு தடவை, குழந்தைகளுக்குப் போடும் சொட்டு மருந்தில் என்னவோ கலந்திருக்கிறது என்று போனுக்குப் போன் ஒரு சேதி பறந்தது. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியாது. நர்ஸ் தெருமுனையில் மேஜை போட்டு உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தாய்மார்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்களே தவிர, ஒருத்தி கூட இறங்கி வரவில்லை. கம்பவுண்டர் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மகள் மடியிலிருந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, "முதல்ல இவளுக்குப் போடுங்க சிஸ்டர்" என்றார். குழந்தை சப்புக்கொட்டியது. மத்தியானத்துக்குள் வரிசை தெருவை வளைத்துக்கொண்டு நின்றது.

வாய் வலிக்க விளக்கம் சொல்லியிருந்தால் அந்த வரிசை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். மருந்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவரைத் தெரியும். எத்தனையோ பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. நல்லதுதான் நடந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

வரிசையில் ஒரே ஒருத்தர்தான் கேள்வி கேட்டார். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தையல்காரம்மா. "சிஸ்டர், மருந்து குளிர்ச்சியில இருக்கணும்னு சொல்வாங்களே, ஐஸ் கரையாம இருக்கா? பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க." கம்பவுண்டருக்குச் சங்கடமாகப் போயிற்று. தன் பேத்திக்கே போட்டுக் காட்டிய பிறகும் இப்படி ஒரு கேள்வியா? நர்ஸ் என்னவோ கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து காட்டி, "நல்ல கேள்விம்மா" என்றார். ஐஸ் கெட்டியாகத்தான் இருந்தது.

தையல்காரம்மாவின் கடை மருந்துக்கடைக்கு எதிரே. துணியை ஒரு முறை அளந்து, மறுபடி அளந்து, வெட்டுவதற்கு முன் இன்னொரு முறை டேப்பை வைத்துப் பார்க்கிற கை அவருடையது. அந்தப் பழக்கம் துணியோடு நின்றிருந்தால் தெருவுக்கு நிம்மதி. கறிகாய்க்காரரின் தராசு, குழாயில் வரும் தண்ணீர், பள்ளிக்கூடப் பஸ்ஸின் பிரேக் என்று எதையும் அவர் சும்மா விட்டதில்லை. தெருவில் அவருக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அதில் இருந்த பக்கவிளைவுகளைக் கண்டு மிரண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பிரஷர் மாத்திரையை நிறுத்தினார் ஒரு தடவை. நிறுத்திய கொஞ்ச நாளில் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தார். கம்பவுண்டர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். அப்போதும் கண் விழித்தவுடன் அவர் கேட்டது, "எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். கேட்ட அளவுக்குக் கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயர் உள்ள பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைக் கொடுப்பது கம்பவுண்டரின் வழக்கம். மீதி அட்டை என்ன மருந்து என்று தனக்குத் தெரிய வேண்டுமே! வாங்கிப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை, தையல்காரம்மாவைத் தவிர. "பேர் இருக்கிற பக்கம் குடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கம்பவுண்டரும் ஒவ்வொரு தடவையும் உதட்டைச் சுழித்துக்கொண்டே கொடுப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மருந்துக் கம்பெனி ஒன்று தன் பெட்டிகளின் நிறத்தை மாற்றியது. பிரஷர் மாத்திரை எத்தனையோ காலமாக நீலப் பெட்டியில் வந்துகொண்டிருந்தது. இப்போது நீலப் பெட்டியைச் சர்க்கரை வியாதி மாத்திரைக்குக் கொடுத்துவிட்டு, பிரஷர் மாத்திரையைப் பச்சைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டும் சின்னஞ்சிறு வெள்ளை வட்ட மாத்திரைகள். சரக்கு வந்த அன்று கம்பவுண்டர் வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டே அடுக்கினார். நீலப் பெட்டி இருந்த இடத்தில் நீலப் பெட்டியை வைத்தார். கை பழகிய வேலைக்குக் கண் எதற்கு?

மறுநாள் காலை கடையில் நல்ல கூட்டம். தையல்காரம்மா கையில் ஒரு புது அட்டைத் துண்டும் ஒரு பழைய அட்டைத் துண்டுமாக வந்தார்.

"கம்பவுண்டர் சார், நேத்து குடுத்த பிரஷர் மாத்திரையில வேற பேர் போட்டிருக்கே."

"கம்பெனிக்காரன் பேரை மாத்தியிருப்பான்மா. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான்."

"ஒரு எழுத்துகூட ஒத்துப்போகலையே. பழைய அட்டையும் கொண்டாந்திருக்கேன். சேத்து வெச்சுப் பாருங்க."

"வக்கீலம்மா குறுக்கு விசாரணை ஆரம்பிச்சாச்சு!" என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரித்தார்கள். கம்பவுண்டருக்கும் அந்தச் சிரிப்பில் ஒரு தெம்பு வந்துவிட்டது. "போன மாசம் இருமல் மருந்து நிறம் சரியில்லைன்னாங்க. அதுக்கு முந்தி பாட்டில் மூடி லூசுன்னாங்க. இந்த மாசம் பேர் சரியில்லையாம். அடுத்த மாசம் என் மூஞ்சி சரியில்லைன்னு சொல்வாங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் மேஜை மேல் வைத்தார். "நான் இதைச் சாப்பிடப் போறதில்லை. கூட்டம் குறைஞ்சதும் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் மத்தியானம்தான் குறைந்தது. கம்பவுண்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். கை வைக்க இடம் வேண்டுமே என்று அந்தத் துண்டுகளை ஒதுக்கப் போனவர், ஒதுக்குகிற வாக்கில் கண்ணாடியை இறக்கி ஒன்றைப் படித்தார். எழுந்து போய் நீலப் பெட்டியை எடுத்து அதையும் படித்தார். பேயறைந்த மாதிரி அப்படியே நின்றார்.

அந்தப் பெட்டியிலிருந்து யார் யாருக்குக் கொடுத்தோம்? யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் முகங்கள் வந்தன. தையல்காரம்மா. ரொட்டிக்கடைக்காரர். அப்புறம் அடுத்த தெருவில் இருக்கும் தங்கையின் வீட்டுக்காரர். தங்கைக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடாமல் கதவை இழுத்துவிட்டு இறங்கினார்.

ரொட்டிக்கடை போகிற வழியில்தான், தையல்கடைக்கு அடுத்தது.

"நேத்து வாங்கின மாத்திரையைப் போட்டீங்களா?"

"காலைல மறந்துட்டேன் சார். நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க. இதோ இப்பவே..." என்று ரொட்டிக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார்.

"போடாதீங்க! நான் மாத்திக் குடுத்துட்டேன். அது வேற மருந்து."

ரொட்டிக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க? மாத்திக் குடுத்தீங்க? யார்கிட்ட சார் விடறீங்க? சூரியன் மேற்கே உதிச்சாலும் கம்பவுண்டர் கை தப்பு பண்ணாது. கவர் மேல நீங்க வரையற சூரியனைத்தான் சொல்றேன்."

சத்தம் கேட்டுத் தையல்காரம்மா வெளியே வந்தார். "அவர் நிஜமாத்தான் சொல்றார். அது பிரஷர் மாத்திரை இல்லை. நான் காலைலேயே சொன்னேன்."

"நீங்க சும்மா இருங்கம்மா. நீங்க எதைத்தான் நம்பினீங்க, இதை நம்ப!"

கூத்தைப் பாருங்கள். எல்லாரும் நம்புகிற மனிதர் வாயால் சொன்னதை, அவர் மேல் இருந்த நம்பிக்கையாலேயே நம்ப மறுக்கிறார் ஒருவர். சரியாகச் சந்தேகப்பட்டவர் சொன்னால், தினம் தினம் சந்தேகப்பட்டு அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டதால் அதுவும் எடுபடவில்லை. புலி வருது என்று தினமும் கத்தியவர் ஒருத்தர், புலியே வராது என்று பெயர் வாங்கியவர் ஒருத்தர். இரண்டு பேரும் சேர்ந்து நின்றும் புலியைக் காட்ட முடியவில்லை. கடைசியில் கம்பவுண்டர் ரொட்டிக்கடைக்காரரின் கையிலிருந்த கவரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் அதற்குக் கோபித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்கும் இதே மாத்திரைதானே?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"அங்கதான் ஓடறேன்."

அவரும் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கூடவே வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கை வீடு மாடியில். கதவு திறந்துதான் இருந்தது. தங்கையின் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். சட்டை பிழிந்தெடுத்த மாதிரி நனைந்திருந்தது. கை நடுங்கியது. கம்பவுண்டரைப் பார்த்து, "யாரு?" என்றார்.

தங்கை ஈரத்துணியோடு ஓடி வந்தாள். "அண்ணே, நல்ல வேளை வந்தீங்க. காலைலேருந்து தலை சுத்துதுன்னு சொன்னாரு. பிரஷர் ஏறிடுச்சோன்னு நீங்க குடுத்த மாத்திரையில இன்னொண்ணு குடுத்தேன். அப்பவும் அடங்கலை. இன்னும் ஒண்ணு குடுத்துடலாமா?"

கம்பவுண்டர் கையை நீட்டித் தடுத்தார். "குடுக்காதே! சர்க்கரை எங்க இருக்கு? தண்ணியில கரைச்சுக் கொண்டா, சீக்கிரம்!"

"பிரஷருக்கு எதுக்கு அண்ணே சர்க்கரை?"

"அது பிரஷர் மாத்திரையே இல்லை. சர்க்கரை வியாதிக்காரங்களுக்குக் குடுக்கறது. இவருக்கு அந்த வியாதியே கிடையாது, உடம்புல இருக்கிற சர்க்கரையை மொத்தமா இறக்கிவிட்டிருக்கு. நான் தப்பாக் குடுத்துட்டேன்."

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்லை. நீங்க தப்பாக் குடுக்க மாட்டீங்க. பதட்டத்துல என்னவோ சொல்றீங்க. முதல்ல உட்காருங்க அண்ணே, தண்ணி கொண்டாரேன்."

வாழ்நாள் முழுவதும் எதைக் கேட்டு அவர் மனம் குளிர்ந்ததோ, அதே பேச்சு அன்றைக்கு அவரைப் பயமுறுத்தியது. இவ்வளவு நம்பச் சொல்லி இவளை யார் கேட்டது என்று கோபம்கூட வந்தது. கேட்டது அவர்தான். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குள் தையல்காரம்மா யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் புகுந்துவிட்டார். டப்பாக்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. டப்பாவில் இருப்பது சர்க்கரையா உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கரைத்தார். அந்த அவசரத்திலும் அதை விடவில்லை. டம்ளரைக் கொண்டுவந்து கம்பவுண்டர் கையில் கொடுத்தார். தலையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்கக் கொடுத்தார் கம்பவுண்டர். சற்று நேரத்தில் நடுக்கம் குறைந்தது.

"மச்சான், நீங்க எப்ப வந்தீங்க?" என்றார் தங்கையின் வீட்டுக்காரர்.

"இப்பதான் மாப்பிள்ளை" என்றார் கம்பவுண்டர். அப்படியே விட்டுவிட முடியாது, அந்த மருந்து மறுபடியும் சர்க்கரையை இறக்கும் என்று அவருக்குத் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே டாக்டர், "சர்க்கரை வியாதி இல்லாதவருக்கு இந்த மாத்திரை எப்படி வந்தது?" என்று கேட்டார். தங்கை முந்திக்கொண்டு, "வீட்டுல எப்படியோ கலந்துபோச்சு டாக்டர். என் கவனக்குறைவுதான்" என்றாள். அண்ணனைக் காப்பாற்ற அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இல்லை டாக்டர். நான் மருந்துக்கடைக்காரன். நான்தான் மாத்திக் குடுத்தேன்" என்றார் கம்பவுண்டர். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே நடையில் தங்கை அவரைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சமாளிச்சேனே. எதுக்கு அத்தனை பேர் முன்னால சொன்னீங்க?"

"வேற என்னம்மா சொல்லச் சொல்றே?"

"அம்மா போனதுக்கப்புறம் எனக்கு எது வந்தாலும் அண்ணன் இருக்காருன்னு இருந்தேன். இனிமே நான் யாரைக் கேட்பேன், சொல்லுங்க."

புருஷன் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அண்ணனோடு பேசவில்லை.

கம்பவுண்டர் நடந்ததை மறைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொன்னார். "யானைக்கும் அடி சறுக்கும் சார்" என்று தேற்றினார்கள் சிலர். சிலர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தெருக் கடைக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களை அவர் குறை சொல்லவில்லை. அவரை அதிகம் கவலைப்படுத்தியது வேறு ஒரு வீடு. குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தை, கம்பவுண்டர் கொடுத்ததாயிற்றே என்று பயந்து பாதியில் நிறுத்திவிட்டாள் ஒரு தாய். குழந்தைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கம்பவுண்டர் வாசலில் நின்று கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. தையல்காரம்மாதான் உள்ளே போய் ஒரு பிடி பிடித்தார்.

"சந்தேகம் வந்தா என்ன பண்ணணும்? கேட்கணும். சீட்டையும் மருந்தையும் எடுத்துட்டு டாக்டர்கிட்டப் போய்க் கேளு. கேட்காம நிறுத்தறதுக்குப் பேர் சந்தேகம் இல்லை, வெறும் பயம். அந்த முட்டாள்தனத்தை நான் பண்ணிட்டு மெஷின் மேல விழுந்திருக்கேன், தெரியும்ல?"

அந்தத் தாய் டாக்டரிடம் போனாள். மருந்து சரியானதுதான். குழந்தை தேறியது.

இப்போதெல்லாம் கம்பவுண்டர் அட்டையின் பெயருள்ள பக்கத்தையே வாங்குகிறவர் கையில் கொடுக்கிறார். சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரக்கப் படிக்கிறார். அவசரக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். "படிச்சது போதும், குடுங்க சார், பஸ் போயிடும்" என்கிறார்கள். அவர் விடுவதில்லை.

ஒரு சாயங்காலம் தங்கையின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். நன்றாகத் தெளிந்திருந்தார். தங்கையும் கூட வந்திருந்தாள், ஆனால் படியேறவில்லை. தெருவில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் பச்சைப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்து, படித்து, கத்தரித்து மேஜை மேல் வைத்தார். தங்கையின் வீட்டுக்காரர் அதைப் பார்க்காமலே பையில் போடப் போனார்.

"மாப்பிள்ளை, படிச்சுப் பாத்துட்டு எடுத்துக்குங்க."

"எதுக்கு மச்சான்? உங்க மூஞ்சியைப் பாத்தா போதாதா எனக்கு?"

"போதாது!"

இத்தனை வருஷத்தில் அவர் குரல் அந்தக் கடையில் அப்படி உயர்ந்ததில்லை. தங்கைகூடத் திரும்பிப் பார்த்தாள். "போதாது மாப்பிள்ளை. என் மூஞ்சியைப் பாத்துத்தான் அன்னிக்கு அதை முழுங்கினீங்க. படிங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

தங்கையின் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டாக்டர் சீட்டை ஒரு கையிலும் அட்டையை மறு கையிலும் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். கம்பவுண்டர் ஏற்கெனவே படித்ததுதான். சரியாக இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் அவர் படித்து முடிக்கும்வரை இவருக்கு மூச்சு சீராக வரவில்லை.

"சரியா இருக்கா?" என்று தெருவிலிருந்து கேட்டாள் தங்கை. அண்ணனைக் கேட்கவில்லை, புருஷனைக் கேட்டாள்.

"இரு, இன்னும் கடைசி எழுத்து இருக்கு" என்றார் அவர். அதையும் படித்தார். "இருக்கு. சரியா இருக்கு."

தங்கை படியேறி உள்ளே வந்தாள்.